தைலமரமும் பெயர் மரபும்: யூகலிப்டஸ் வகைப்பாட்டு வரலாறும் மலைத்தோட்டத் தமிழும்

முன்னுரை

மரத்திற்குப் பெயரிடுதல் அறிவுச் செயல், சமூகச் செயலுமாகும். ஒரு மரத்தை முதன்முதலில் காண்பவர், அதன் கிளையை உலர்த்தி நூலில் பதிப்பவர், அதனை வெட்டிச் சுமப்பவர், அதன் இலையைக் காய்ச்சி மருந்தாக்குபவர் எனப் பலரும் அதற்குப் பெயர் தருகின்றனர். இவற்றுள் எந்தப் பெயர் ஏட்டில் நிற்கிறது, எது செவிவழிச் சொல்லாகவே மறைகிறது என்பது மொழி வரலாற்று ஆய்வாளரும் தமிழாசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும், நீலகிரியிலும், இலங்கை மலையகத்திலும் யூகலிப்டஸ் மரங்களை நாம் காண்கிறோம். இம்மூன்று இடங்களிலும் தமிழர் தேயிலைத் தொழிலில் உழைத்துள்ளனர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இம்மரம் தமிழர் வாயில் பல பெயர்களைப் பெற்றிருக்கிறது. தாவரவியல் நூல்களிலும் இதன் பெயர் ஒரே நிலையில் நின்றதில்லை. இவ்விருவகைப் பெயர் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெயர்களைப் பகுத்தறியத் தமிழ் இலக்கண நூலார் வகுத்த இடுகுறி, காரணம், ஆகுபெயர் என்னும் கருத்தாக்கங்களையே கருவியாகக் கொள்கிறோம்.

கேமரன் மலையும் ‘போகியா’ என்னும் பெயரும்

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் மேற்கொண்ட பயணத்தால் இம்மலைப்பகுதி அவர் பெயரைப் பெற்றது. அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த ஓராங் அஸ்லி மக்கள் ஆறுகளுக்கும் குன்றுகளுக்கும் இட்டிருந்த பெயர்கள் பலவும் அதற்கு முந்தியவை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்வையிட்ட பின்னரே இம்மலையை வளர்க்கும் திட்டங்கள் வலுப்பெற்றன. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்குப் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்பப்படுவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. ஆதலின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் தொடக்கம் கங்காணி முறையின் இறுதிப் பத்தாண்டோடு இணைந்து அமைந்தது எனலாம்.

‘போ’ என்னும் தோட்டப் பெயர் ‘போகியா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. சீனாவின் புகழ்பெற்ற தேயிலை மலையாகிய வூயி மலையின் பெயரே ஐரோப்பியர் நாவில் போகியா எனத் திரிந்தது. பெயர் வரலாற்றில் இச்சொல்லுக்குத் தனியிடம் உண்டு. இருசொற்பெயர் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753இல் தேயிலைக்குத் ‘தீயா சினென்சிஸ்’ எனப் பெயரிட்டார். 1762இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலோ அதனை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் ‘தீயா விரிடிஸ்’ என்றும் மற்றொன்றைத் ‘தீயா போகியா’ என்றும் குறித்தார். பச்சைத் தேயிலையும் கருந்தேயிலையும் வெவ்வேறு செடிகளிலிருந்து வருகின்றன என்னும் அக்கால நம்பிக்கையே இதற்குக் காரணம். இரண்டும் ஒரே செடியின் கொழுந்திலிருந்து பெறப்படுபவை, வேறுபாடு பதப்படுத்தும் முறையில்தான் உள்ளது என்பதைப் பின்னர்ச் சீனாவில் பயணம் செய்த இராபர்ட் ஃபார்ச்சூன் 1840களில் நேரிற்கண்டு எழுதினார்.

கொழுந்தை வாடவைத்து, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தும் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனைத் தம் கையாலேயே அறிந்தவர் அவர். உலர்ந்த மாதிரியையும் வணிகப் பொருளையும் மட்டும் கண்டு பெயரிட்டவர்க்கே ஐயம் நேர்ந்தது. தீயா என்னும் பேரினமும் பிற்காலத்தில் கமெலியா என்பதனோடு இணைக்கப்பட்டது. 1887இல் குன்ட்ஸே அமைத்த ‘கமெலியா சினென்சிஸ்’ என்பதே இன்று வழங்குகிறது. தாவரவியல் கைவிட்ட ‘போகியா’ கேமரன் மலையில் ஒரு தோட்டத்தின் பெயராக உயிர்வாழ்கிறது. கைவிடப்பட்ட பெயரும் வரலாற்றுச் சான்றாகும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

யூகலிப்டஸ்: பெயர் தோன்றிய வரலாறு

இனித் தைலமரத்திற்கு வருவோம். 1770இல் கேப்டன் குக்கின் முதற்பயணத்தில் ஜோசப் பேங்க்ஸ், டேனியல் சொலாண்டர் ஆகிய இருவரும் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இவ்வகை மரங்களின் கிளைகளைச் சேகரித்தனர். எனினும் யூகலிப்டஸ் என்னும் பெயர் அச்சேகரிப்பிலிருந்து பிறக்கவில்லை. 1777இல் குக்கின் மூன்றாம் பயணத்தின்போது, டேவிட் நெல்சன் என்னும் தோட்டக்காரர் தாஸ்மேனியாவையடுத்த புரூனித் தீவில் ஒரு மாதிரியைச் சேகரித்தார். அது இலண்டனை அடைந்தது. அக்காலத்தில் இலண்டனுக்கு வந்திருந்த பிரெஞ்சு நாட்டு நீதித்துறை அலுவலரும் தாவரவியலாருமாகிய லெரித்தியே, அம்மாதிரியை ஆராய்ந்து ‘யூகலிப்டஸ் ஒப்ளிகுவா’ எனப் பெயரிட்டார். அப்பெயர் இடம்பெற்ற நூல் 1788 எனப் பதிப்பாண்டு இடப்பெற்றுள்ளது.

கிரேக்க மொழியில் ‘யூ’ என்பது நன்கு என்றும், ‘கலிப்டோஸ்’ என்பது மூடப்பட்டது என்றும் பொருள்படும். பிற மலர்களில் புல்லியும் அல்லியும் தனித்தனி இதழ்களாக விரிய, இம்மரத்தின் மொட்டில் அவை இணைந்து மூடிபோல் அமைகின்றன. மலரும் வேளையில் அம்மூடி கழன்று விழ, எண்ணற்ற மகரந்தத்தாள்கள் குஞ்சம்போல் விரிகின்றன. ஒப்ளிகுவா என்பது இலையடியின் இரு பக்கமும் ஒத்திராமல் சாய்ந்திருப்பதைக் குறிக்கும். ஆகவே பேரினப் பெயர், இனப்பெயர் இரண்டும் நம் இலக்கண நூலார் கூறும் காரணப்பெயர்களே.

பெயரிட்டவர் அம்மரம் நின்ற நிலத்தை மிதித்தவரல்லர். சேகரித்த நெல்சன், பின்னர்ப் ‘பவுண்டி’ கப்பலில் பணியாற்றி, அக்கப்பலில் எழுந்த கலகத்தின் பின் 1789இல் திமோர்த் தீவின் கூப்பாங்கில் இறந்தார். யூகலிப்டஸ் ஒப்ளிகுவா என்னும் பெயரின் பின்னால் இன்றும் எழுதப்படுவது லெரித்தியேயின் பெயரே. தாவரவியல் மரபில் பெயருக்கு உரியவர் அதனை விளக்கத்துடன் வெளியிட்டவர். மரத்தைக் கண்டெடுத்தவர் அல்லர்.

நீலகிரியில் பெரும்பரப்பில் நடப்பெற்ற இனமாகிய ‘யூகலிப்டஸ் குளோபுலஸ்’ என்பதும் தாஸ்மேனியாவைச் சேர்ந்தது. 1792இல் அங்குச் சென்ற பிரெஞ்சுப் பயணக் குழுவில் இடம்பெற்றிருந்த லபில்லார்தியேர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாயிலில் வெளிவந்த தம் பயணநூலில் இதற்குப் பெயரிட்டார். குளோபுலஸ் என்பது சிறு உருண்டை எனப் பொருள்படும். இதன் காய் சட்டைப் பொத்தானைப் போன்று தோன்றுவதே காரணம்.

பட்டையா, மகரந்தப்பையா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகள் ஆராயப்பட்டபோது யூகலிப்டஸ் இனங்களின் எண்ணிக்கை பெருகியது. அவற்றை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதில் இரு கொள்கைகள் எழுந்தன. இவ்விடத்தை நாம் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

ஜெர்மனியில் பிறந்து மெல்பர்னில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர், காட்டில் மரங்களை நேரிற் கண்டவர். 1850களின் இறுதியில் அவர் பட்டையை அடிப்படையாகக் கொண்டு இம்மரங்களைப் பகுக்க முயன்றார். பட்டை முழுதும் உரிந்து வழவழப்பாக நிற்பவை, நாராக உரிபவை, இரும்புபோல் இறுகிப் பிளவுற்றவை, பாதி உரிந்து பாதி நிற்பவை என அவை அமைந்தன. ஆஸ்திரேலியக் குடியேறிகளான மரவெட்டிகளும் இவ்வாறே பட்டையையும் பிசினையும் நோக்கி மரங்களை அழைத்தனர். அவர்களுக்கும் முன்னரே அம்மண்ணின் பழங்குடி மக்கள் இம்மரங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்கியிருந்தனர். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மொழியிலிருந்து பெறப்பட்ட ‘ஜாரா’, ‘கேரி’ என்பன இன்றும் மர வணிகத்தில் நிலைத்துள்ளன.

இங்கிலாந்தில் கியூ தாவரத் தோட்டத்தைச் சார்ந்திருந்த ஜார்ஜ் பெந்தம் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றதே இல்லை. முல்லரும் பிறரும் அனுப்பிய உலர்மாதிரிகளே அவருக்குச் சான்று. உலர்மாதிரித் தாளில் ஒட்டப்படுவது இலையும் மொட்டும் காயும் தாங்கிய சிறுகிளை. அடிமரத்துப் பட்டை அதில் இடம்பெறுவதில்லை. ஆதலின் பெந்தம் மகரந்தப்பைகளின் அமைப்பையும் அவை திறக்கும் முறையையும் அடிப்படையாகக் கொண்டார். 1867இல் வெளிவந்த ஆஸ்திரேலியத் தாவரநூலின் மூன்றாம் தொகுதியில் 135 இனங்களை அவர் விளக்கினார். முல்லரும் பின்னாளில் 1879 முதல் 1884 வரை வெளியிட்ட தம் யூகலிப்டஸ் விளக்கத் தொகுதிகளில் உறுப்புகளை நுணுக்கமான படங்களுடன் பதிவுசெய்தார்.

இம்மரங்களை வகைப்படுத்துவதில் மற்றொரு தடையும் உண்டு. ஒரே மரம் இளமையில் ஒருவகை இலையும் முதிர்ச்சியில் வேறுவகை இலையும் தாங்குகிறது. குளோபுலஸ் கன்றின் இலைகள் காம்பின்றி, எதிரெதிராக, அகன்று, வெண்ணீலப் பூச்சுடன் காணப்படும். வளர்ந்த மரத்தின் இலைகளோ காம்புடன் அரிவாள்போல் வளைந்து தொங்கும். இவ்விரண்டையும் ஒருவர் தனித்தனித் தாள்களில் பெற்றால் வெவ்வேறு மரங்கள் என்றே கருதக்கூடும். இனங்கள் தமக்குள் கலந்து கலப்பினங்கள் தோன்றுவதும் சிக்கலை மிகுவித்தது. ஆதலின் மொட்டு, மலர், காய், இளவிலை, முதிரிலை, பட்டை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்க வேண்டும் என்னும் தெளிவு காலப்போக்கில் ஏற்பட்டது. 1903 முதல் 1933 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஜோசப் மெய்டனின் பெருநூலும், 1934இல் வெளிவந்த பிளேக்லியின் இனங்காண் நூலும் இவ்வழியில் அமைந்தன.

தமிழ் மரபில் இவ்வினாவுக்கு ஒப்பான சிந்தனை தொல்காப்பிய மரபியலில் உண்டு. உள்ளே வயிரம் பாய்ந்ததை மரம் என்றும், புறத்தே வயிரம் கொண்டதைப் புல் என்றும் தொல்காப்பியம் பகுக்கிறது. இது வெட்டிப் பார்த்தவர், கட்டுமானத்திற்குப் பயன்படுத்தியவர் கண்ட வகைப்பாடு. பனையும் மூங்கிலும் புல்லினத்தில் அடங்குவதைக் காணும்போது, ஒருவித்திலை, இருவித்திலை என்னும் இக்காலப் பாகுபாட்டிற்கு அது நெருங்கி வருவதை உணர்கிறோம். இரண்டும் ஒன்றே எனக் கூறுவது மிகையாகும். எனினும் பயன்பாட்டறிவிலிருந்து பிறக்கும் வகைப்பாடு வெறும் நாட்டார் நம்பிக்கை என ஒதுக்கத்தக்கதன்று என்பது இதனால் பெறப்படும்.

நீலகிரிக்கு வந்த மரம்

தென்னிந்தியாவில் யூகலிப்டஸின் தொடக்கம் மைசூர் நாட்டு நந்திமலையோடு தொடர்புபடுத்தப்படுகிறது. திப்பு சுல்தானின் தோட்டத்தில் ஏறத்தாழ 1790ஆம் ஆண்டளவில் இவை நடப்பெற்றன என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. நீலகிரியில் 1843ஆம் ஆண்டளவில் கேப்டன் காட்டன் என்பவர் குளோபுலஸ் கன்றுகளை நட்டார். 1850களின் நடுவிலிருந்து பெருந்தோப்புகள் எழுந்தன. உதகமண்டலத்தில் ஆங்கிலேயர் குடியிருப்பும் படைமுகாமும் பெருகியதால் விறகுத் தேவை பெருகியது. சோலைகள் அழிந்துவந்த நிலையில் விரைந்து வளரும் மரம் ஒன்று வேண்டப்பட்டது. சோலைகளுக்கிடையே பரந்திருந்த மலைப்புல்வெளிகள் வெற்றுநிலமெனக் கருதப்பட்டுத் தைலமரத் தோப்புகளாயின. தேயிலை ஆலைகள் வந்தபின் கொழுந்தை உலர்த்தும் அடுப்புகளுக்கும் இவ்விறகு பயன்பட்டது. இலங்கை மலையகத்தும் தேயிலைத் தோட்டங்கள் விறகுக்கென இம்மரங்களை வளர்த்தன.

சமவெளியில் பரவியது வேறோர் இனம். நந்திமலை வழித்தோன்றிய இது ‘மைசூர்ப் பிசின்மரம்’ என்றும் ‘யூகலிப்டஸ் கலப்பினம்’ என்றும் வனத்துறை ஏடுகளில் நெடுங்காலம் குறிக்கப்பட்டது. 1960களில் ஆஸ்திரேலிய வல்லுநர்கள் இதனை ஆராய்ந்து, பெரும்பாலும் ‘யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ்’ என்னும் இனத்தைச் சார்ந்தது எனத் தெளிவுபடுத்தினர். அதற்குள் பல்லாயிரம் ஏக்கரில் அது நடப்பெற்றுவிட்டது. பெயர் தெளிவின்றி ஒரு மரம் ஒரு நாட்டின் நிலத்தோற்றத்தையே மாற்றவல்லது என்பதற்கு இது சான்று. புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் தைலமரக் காடுகளால் நீர்வளம் குன்றுகிறது என உழவர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். ‘யூகலிப்டஸ்’ என்னும் பொதுச்சொல் ஏறத்தாழ 800 இனங்களுக்கு உரியது. எந்த இனம், எந்த மண்ணில், எவ்வளவு மழையில் என்று குறிப்பிடாமல் நன்மை தீமை பேசுவது அறிவியல் நோக்கில் பொருந்தாது.

தமிழ்ப் பெயர்கள்: ஆகுபெயர் நோக்கில்

தமிழர் இம்மரத்திற்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து நோக்கும்போது சுவையான உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது ‘தைலமரம்’. தைலம் என்பது எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. எள்ளின் நெய்யைக் குறித்த சொல் பின்னர் எல்லா மருந்தெண்ணெய்க்கும் பொதுவாகி, இறுதியில் ஆஸ்திரேலிய மரத்தின் அடைமொழியாயிற்று. இது தெளிவான காரணப்பெயர்.

இரண்டாவது ‘கற்பூரமரம்’. நீலகிரி, கொடைக்கானல் ஆகிய மலைப்பகுதிகளில் இது வழங்குகிறது. இலையைக் கசக்கினால் எழும் மணம் பூசைக் கற்பூரத்தை நினைவூட்டுவதால் எழுந்த பெயர். உண்மைக் கற்பூரமரம் இலவங்கப் பட்டைக்கு உறவான வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. ஆயினும் இப்பெயரைப் பிழையென்று தள்ளுதல் கூடாது. ஆங்கிலேயர் ‘பிசின்மரம்’, ‘மிளகுப்புதினா மரம்’ என ஒப்புமையால் பெயரிட்டது போன்றதே இதுவும்.

மூன்றாவது ‘நீலகிரி மரம்’. இந்தி, மராத்தி, கன்னடம் முதலிய மொழிகளில் இம்மரத்தின் பெயரே நீலகிரி என்பதாகும். நீலகிரியில் வடித்தெடுத்த எண்ணெய் நீலகிரித் தைலம் எனப்பட்டது. அதன் வழியே மரமும் அப்பெயர் பெற்றது. இடத்தின் பெயர் பொருளுக்கும், அப்பொருளின் பெயர் அதன் மூலத்திற்கும் ஆகிவந்ததால் இதனை இருமடியாகுபெயர் எனலாம். ஆங்கிலத்தில் குளோபுலஸின் பெயரில் உள்ள நீலநிறம் கன்றிலையின் வெண்ணீலப் பூச்சால் வந்தது. மலையின் பெயரிலுள்ள நீலமோ மரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியது. இரு நீலங்களும் தற்செயலாக ஒன்றுபட்டன. நீலகிரியின் புல்வெளியை மூடிய அயல்மரம் அம்மலையின் பெயரையே தனக்குரியதாக்கிக் கொண்டது வரலாற்று முரண்.

நான்காவது ‘ஆர்.எஸ்.பதி மரம்’. தமிழகத்தின் சமவெளி மாவட்டங்களில் இப்பெயர் பெருவழக்கு. நீலகிரித் தைலத்தை விற்ற மருந்து நிறுவனத்தின் பெயரே இது. செய்தவர் பெயர் செய்பொருளுக்கு ஆவது கருத்தாவாகுபெயர். அப்பொருளின் பெயர் மரத்திற்கு மேலும் ஆகிவந்தமையால் இதுவும் இருமடியாகுபெயரே. நன்னூல் பயிற்றும் ஆசிரியர்க்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஐந்தாவது, இலங்கை மலையகத் தோட்டத் தமிழர் வழங்கும் ‘டர்பன்டைன் மரம்’, ‘கருப்பந்தைல மரம்’ ஆகியன. டர்பன்டைன் என்பது பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயின் ஆங்கிலப் பெயர். மணமுள்ள எண்ணெய் என்னும் பொதுமையால் அது தைலமரத்திற்கு ஏறியது. தோட்ட நிர்வாகத்தின் மொழியும் தொழிலாளர் மொழியும் கலந்து புழங்கிய சூழலில் இத்தகைய சொற்கள் தோன்றுவது இயல்பு.

இப்பெயர்களுள் எதுவும் மொட்டின் மூடியை நோக்கவில்லை, மகரந்தப்பையை நோக்கவில்லை. மணம், எண்ணெய், வந்த இடம், விற்றவர் என்பனவே நோக்கப்பட்டன. லெரித்தியே கண்ணால் பெயரிட்டார். நம்மவர் மூக்காலும் கையாலும் பெயரிட்டனர். பெயரிடும் நெறி இரண்டிலும் காரணம் பற்றியதே.

பேரினம் பிளவுறல்

அறிவியற்பெயர் மாறாதது, வட்டாரப் பெயரே மாறுவது என்னும் எண்ணம் வகுப்பறைகளில் பரவலாக உள்ளது. எலுமிச்சை மணத் தைலமரத்தின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்தும்.

இம்மரத்திற்கு 1848இல் வில்லியம் ஹூக்கர் ‘யூகலிப்டஸ் சிட்ரியோடோரா’ எனப் பெயரிட்டார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அப்பெயரே வழங்கியது. 1971இல் பிரையரும் ஜான்சனும் யூகலிப்டஸ் பேரினத்தை ஏழு துணைப்பேரினங்களாகப் பகுத்தனர். 1995இல் ஹில், ஜான்சன் ஆகிய இருவரும் 113 இனங்களைப் பிரித்துக் ‘காரிம்பியா’ என்னும் புதுப் பேரினத்தை அமைத்தனர். அப்போது இம்மரம் ‘காரிம்பியா சிட்ரியோடோரா’ ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் புரூக்கர் இதனை ஏற்காது அனைத்தையும் மீண்டும் யூகலிப்டஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். மரபணு ஆய்வுகள், காரிம்பியாவின் ஒரு பகுதி, 1797இலேயே கவனில்லஸ் தனிப் பேரினமாக்கிய ‘ஆங்கோஃபோரா’வுக்கு மிக நெருங்கியிருப்பதைச் சுட்டின. அதன் விளைவாக 2024இல் ‘பிளேக்கெல்லா’ என்னும் பேரினம் முன்மொழியப்பட்டு, எலுமிச்சை மணத் தைலமரமும் அதனுள் வைக்கப்பட்டது. ஆகவே ஒரே மரம் மூன்று பேரினப் பெயர்களைக் கண்டுவிட்டது. சிட்ரியோடோரா என்னும் இனப்பெயர் மட்டும் மாறவில்லை. எலுமிச்சை மணம் என்பதே அதன் பொருள்.

இம்மாற்றங்களில் தாவரவியலார் கைக்கொள்ளும் ஒரு மரபை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு மரம் புதுப் பேரினத்திற்கு மாற்றப்படும்போது, முதலில் பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் காக்கப்படுகிறது. மாற்றியவர் பெயர் அதன் பின் வருகிறது. கைவிடப்பட்ட பெயர்களும் ‘ஒருபொருட் பெயர்கள்’ என்னும் தலைப்பில் ஆண்டுடன் பட்டியலிடப்படுகின்றன. பழம்பெயரைக் கொண்டு எழுதப்பட்ட நூலைப் பின்வருவோர் பொருள் உணர்ந்து படிக்க இது வழிசெய்கிறது. இம்மரபு தமிழ்ச் சொல்லாக்கத்திற்கும் தேவை எனக் கருதுகிறோம்.

வட்டாரப் பெயர் இலத்தீனில் ஏறுதல்

வட்டார மொழிகள் அறிவியற்பெயருக்கு முற்றிலும் புறம்பானவை அல்ல. யூகலிப்டஸ் சார்ந்த மிர்ட்டேசியே குடும்பத்திலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன.

மலாய் மொழியில் ‘காயு பூத்தே’ என்றால் வெண்மரம். வெண்பட்டை உரியும் ஒருவகை மரத்திற்கு அது பெயர். அம்போன் தீவில் வாழ்ந்த ரும்பியஸ் அப்பெயரை அவ்வாறே இலத்தீனில் மொழிபெயர்த்து வழங்கினார். லின்னேயஸ் வழியே அது ‘மெலலூக்கா லூக்கடென்ட்ரா’ என்னும் பெயரில் நிலைபெற்றது. 1809இல் பவல் என்பார் மற்றோர் இனத்திற்கு ‘மெலலூக்கா கஜுபுட்டி’ எனப் பெயரிட்டார். அங்கு மலாய்ச் சொல்லே இலத்தீன் உடையில் நிற்கிறது. மலேசியக் கடலோரச் சதுப்புகளில் ‘கெலாம்’ எனப்படுவது அம்மரமே. தைலக் குப்பிகளில் நாம் காணும் காயுபூத்தே எண்ணெயும் அதன் வழியது.

தமிழும் இவ்வகையில் வறியதன்று. முருங்கையின் பேரினமாகிய ‘மொரிங்கா’, தேக்கின் பேரினமாகிய ‘டெக்டோனா’, மாவின் பேரினமாகிய ‘மாஞ்சிஃபெரா’ ஆகியவற்றின் வேரில் தமிழ், மலையாளச் சொற்கள் உள்ளன. நம் நாவல் மரமும் தைலமரக் குடும்பத்தைச் சார்ந்ததே. நாவலந்தீவு என இந்நிலப்பரப்புக்கே பெயர் தந்த மரமும், நேற்று வந்த தைலமரமும் தாவரவியல் நோக்கில் உறவினர் என்பதை மாணவர்க்குக் கூறின் அவர்கள் வியப்பர். கொய்யாவும் கிராம்பும் இக்குடும்பத்தனவே. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தையொட்டிய பாசிக்காட்டில், லெப்டோஸ்பெர்மம் என நூல்களில் குறிக்கப்பட்டு வந்த சிறுமரமும் இக்குடும்பத்தது. குக்கின் மாலுமிகள் அவ்வகைச் செடிகளின் இலையைத் தேநீர்போல் காய்ச்சிக் குடித்தமையால் ஆங்கிலத்தில் அவற்றுக்குத் ‘தேயிலை மரம்’ என்றே பெயர். உண்மைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, அதே மலையில், பெயரளவில் தேயிலையான ஒரு மரம் நிற்கிறது.

தொகுக்கப்பட வேண்டிய சொற்கள்

மேற்கூறியவை கேமரன் மலைத் தமிழர்க்கு எவ்வாறு பொருந்தும்? கொழுந்து, கவாத்து, லயம், கங்காணி, தண்டல் எனத் தோட்டத் தமிழ் தனக்கெனச் சொல்வளம் உடையது. அச்சொற்களுள் சில தமிழகத்திலிருந்தும், சில இலங்கை வழியாகவும், சில மலாய், ஆங்கில மொழிகளிலிருந்தும் வந்தவை. அவற்றோடு தோட்டத்து மரம், செடி, களை, பூச்சி ஆகியவற்றின் பெயர்களும் முதியோர் நாவில் வழங்கின. இன்று தோட்டத் தொழிலில் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பெரும்பான்மையாக உள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. குடும்பம் பெயரும்போது வீட்டுப்பொருள் உடன்செல்கிறது. களைச்செடியின் பெயரை எடுத்துச்செல்லும் தேவை எவருக்கும் எழுவதில்லை.

பள்ளி அறிவியலின் நிலையையும் இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பெற்றது. அவ்விடைவெளியில் அறிவியல் பயின்ற மாணவர்க்குத் தாவரங்களின் தமிழ்ப் பெயர்கள் பாடநூல் வழியாகக் கிடைக்கவில்லை. வீட்டு வழியாகக் கிடைத்த பெயர்களே எஞ்சியிருந்தன. அவற்றையும் ‘கொச்சை’ என ஒதுக்கிவிட்டு, கலைச்சொல் அகராதியிலிருந்து ஒரு புதுச்சொல்லை எடுத்து வைத்தால், மாணவர் தம் பாட்டி சொன்ன மரமும் பாடநூல் மரமும் வெவ்வேறு எனக் கொள்ளும் நிலை ஏற்படும்.

இதற்குத் தாவரவியலார் மரபே தீர்வு காட்டுகிறது. ஒரு மரத்திற்குப் பாடநூலில் வழங்கும் பொதுப்பெயர் ஒன்று, அதன் அறிவியற்பெயர், அது வழங்கும் ஏனைய தமிழ்ப் பெயர்கள், ஒவ்வொன்றும் வழங்கும் இடம், பதிவுசெய்த ஆண்டு என ஐந்து கூறுகளை ஒரு பதிவில் அமைக்கலாம். பெயரோடு அம்மரத்தின் சிறுகிளையையோ தெளிவான படத்தையோ சேர்த்து வைத்தல் இன்றியமையாதது. எந்த மரத்தை அப்பெயர் சுட்டிற்று என்பதற்குச் சான்றாக மாதிரி இருந்தால்தான், பின்னாளில் பேரினப் பெயர் மாறினும் தமிழ்ப் பெயர் தன் மரத்தை இழக்காது. தைலமரத்தைப் பொறுத்தவரை மொட்டும் காயும் இளவிலையும் அடங்கிய மாதிரி வேண்டும். இலை மட்டும் போதாது என்பதை மேலே கண்டோம். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் மாணவர் களப்பணியாக இதனை மேற்கொள்ளல் இயலும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. முதியோர் வாழும் காலத்திலேயே தொடங்க வேண்டும் என்பதே இதன் நெருக்கடி.

முடிவுரை

யூகலிப்டஸ் வகைப்பாட்டின் வரலாற்றில், காட்டில் நின்று பட்டையை நோக்கிய அறிவும், மேசையில் அமர்ந்து மகரந்தப்பையை நோக்கிய அறிவும் ஒன்றையொன்று திருத்தி வளர்ந்தமையைக் கண்டோம். தீயா போகியா என்னும் பெயர் வீழ்ந்ததும், சிட்ரியோடோரா மூன்று பேரினங்களைக் கடந்ததும், அறிவியற்பெயர் அந்தந்தக் காலத்து அறிவின் பதிவு என்பதைக் காட்டுகின்றன. தமிழர் இட்ட தைலமரம், கற்பூரமரம், ஆர்.எஸ்.பதி, டர்பன்டைன் முதலிய பெயர்களும் அவ்வாறே தத்தம் காலத்து வாழ்வின் பதிவுகள். மருந்து வணிகம், மலையேற்றம், தோட்ட உழைப்பு, கடல்கடந்த குடியேற்றம் ஆகிய அனைத்தும் அவற்றுள் படிந்துள்ளன.

இருவகைப் பதிவுகளுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. லெரித்தியேயின் பெயரை எந்த நூலகத்திலும் ஆண்டுடன் காணலாம். விறகு சுமந்தவர் இட்ட பெயரைக் காண ஓர் ஏடும் இல்லை. அவ்வேட்டைத் தொடங்கும் பொறுப்பு தமிழாசிரியர்க்கும் தமிழாய்வாளர்க்கும் உரியது.